மீட்டருக்கு மீட்டர் கேட்டவர்

எங்கள் ஜில்லாவில் சாமியை நம்பாதவர்கள் உண்டு, சர்க்காரை நம்பாதவர்கள் உண்டு, சொந்த மச்சானை நம்பாதவர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. ஆனால் சுவர்க் கடிகாரத்திலிருந்து காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் வரைக்கும், முள்ளோ எண்ணோ காட்டுகிற ஒரு பொருளைக்கூட நம்பாத மனிதர் என்று ஒரே ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவர் பெயர் பதினேழு.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஏதோ இருந்தது. அதை அவர் மனைவியும் ரேஷன் கடைக்காரரும் மட்டும் ஞாபகம் வைத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். நீடாமங்கலத்துக்குத் தெற்கே உள்ள அவர் ஊரிலிருந்து தஞ்சாவூர் வரை, பஸ்ஸிலும் ரயிலிலும் எல்லோருக்கும் அவர் பதினேழுதான். அந்தப் பெயர் வந்த கதை சிரிக்கிற கதை இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் ஸ்பேர் கடை. ரெசிஸ்டர், டயோடு, ரிமோட், வயர் என்று சின்னச் சின்ன சாமான்கள். இப்போது எல்லோரும் செல்போனிலேயே வாங்கிவிடுவதால் என் கடைக்கு வருகிறவர்கள் இரண்டே ரகம். அவசரத்துக்கு ஒரு ஃப்யூஸ் வாங்க வருகிறவர்கள் ஒரு ரகம். வெயிலுக்கு என் ஃபேன் அடியில் உட்கார வருகிறவர்கள் இன்னொரு ரகம். சவுண்ட் சர்வீஸ் மணி இந்த இரண்டாவது ரகத்தில் தலைவன். கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் ஸ்பீக்கர் கட்டுகிறவன். வேலை இல்லாத நாளெல்லாம் என் கடை ஸ்டூலில்தான் அவன் குடித்தனம்.

பதினேழு இந்த இரண்டிலும் சேராதவர். என் ஆயுளில் பாதியைக் குறைப்பதற்கென்றே பகவான் அவரைப் பாசஞ்சர் ரயிலில் ஏற்றி அனுப்பினார்.

முதல் தடவை வந்தபோது மடிப்புக் கலையாத வேட்டி, தோளில் துண்டு, கையில் ஜவுளிக்கடைப் பை. அறுபது வயது இருக்கும். சிரித்தால் இருபது வயதுப் பையனுக்குக்கூட அமையாத பல் வரிசை.

"தம்பி, நான் எலெக்ட்ரானிக்ஸ் கத்துக்கணும். முதமுதல்ல என்ன வாங்கணும்?"

எனக்குச் சந்தோஷமாகப் போய்விட்டது. இருபது வருடம் கடை வைத்திருப்பவனிடம் இப்படி ஒருவர் கேட்டால் ஆகாதா? ஸ்டூலை எடுத்துப் போட்டேன். "பெருசா ஒண்ணும் வேணாம்ணே. ஒரு மல்டிமீட்டர். சின்னதா ஒரு சால்டரிங் அயன். கொஞ்சம் பேட்டரி, ரெசிஸ்டர், எல்.இ.டி. அவ்வளவுதான். மத்ததெல்லாம் பழகப் பழக வாங்கிக்கலாம்" என்று ஒரு மஞ்சள் மீட்டரை எடுத்து வைத்தேன்.

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது காட்டுறது சரிதான்னு எப்படித் தெரியும்?"

"கம்பெனியிலயே செக் பண்ணித்தான் அனுப்புவாங்க."

"எத வெச்சு செக் பண்ணுவாங்க?"

"இதைவிட நல்ல மீட்டரை வெச்சு."

"அந்த நல்ல மீட்டர?"

"அதைவிட நல்லதை வெச்சு."

"அத?"

நான் மணியைப் பார்த்தேன். மணி ஃபேனைப் பார்த்தான். "அண்ணே, டீ சாப்பிடுறீங்களா?" என்று கேட்டேன். சாப்பிட்டார். மீட்டர் வாங்காமல் ரயிலுக்குப் போய்விட்டார். அடுத்த வாரம் அதே கேள்வியோடு திரும்பி வந்தார்.

மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ வந்தபோதுதான் எனக்குப் பொறுமை போய், "உங்களுக்கு எதுக்குண்ணே இந்த வயசுல எலெக்ட்ரானிக்ஸ்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம். அந்தக் கதையைக் கேட்ட பிறகு அவரைக் கடையை விட்டு அனுப்புகிற தெம்பு எனக்கு இல்லாமல் போய்விட்டது.

அந்த வருடம் தை மாதம் அவருடைய சம்பா நெல் அறுவடையாகி, கொள்முதல் நிலையத்தில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார். எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அங்கே ஈரப்பதம் பார்க்க ஒரு மீட்டர் உண்டு. ஒரு கை நெல்லை அதில் போட்டால் எண் காட்டும். பதினேழுக்குள் இருந்தால் நெல்லை எடுத்துக்கொள்வார்கள். தாண்டினால் திரும்பக் காயவைத்துக் கொண்டு வா என்பார்கள். அவர் நெல்லுக்கு மீட்டர் பத்தொன்பது காட்டியது. அவரோ குவியலில் கைவிட்டு ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்திருக்கிறார். கடுக்கென்று கேட்டிருக்கிறது. இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், காய்ந்த நெல் என்றால் கடுக்கென்று உடையும், ஈர நெல் என்றால் நசுங்கும். நாற்பது வருடமாக அவர் பார்த்த முறை அது.

"பதினேழுதான்னு நான் சொன்னேன் தம்பி. பத்தொம்போதுன்னு அந்த பில் கிளார்க்கு சொன்னான். பதினேழுன்னு மறுபடி சொன்னேன். எங்க வீட்ல, 'ஏங்க, இன்னும் ஒரு வெயில் காயட்டுமே'ன்னா. என் பல்லு பொய் சொல்லாதுடின்னுட்டு நெல்ல அங்கேருந்து நகத்த மாட்டேன்னுட்டேன். மனு எழுதிப் போட்டேன். பெரிய ஆபீசரைப் பாத்தேன். எல்லார்கிட்டயும் பதினேழு பதினேழுன்னு கத்துனேன்."

"அப்புறம்?"

"அப்புறம் மழை வந்துச்சு."

திறந்த வெளியில், தார்ப்பாய்க்குக் கீழே, அவ்வளவு நெல்லும் முளைத்துவிட்டது. ஊர் அவருக்குப் பதினேழு என்று பெயர் வைத்தது. மாட்டுக்குப் போட்டது போக மிச்சத்தைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்.

"நிலம் குத்தகை நிலம். அடுத்த தையிலயும் நெல்லு திரும்பி வந்துச்சுன்னா குத்தகைய விட்டுட்டு, பொண்ணு கூப்பிடுற திருப்பூருக்கே போயிடுறதுன்னு எங்க வீட்ல ராஜாத்திக்கிட்ட சத்தியம் பண்ணிட்டேன். அதுக்குள்ள அந்த மீட்டருக்குள்ள என்ன எழவு இருக்குன்னு கத்துக்கிட்டு நானே ஒண்ணு செஞ்சாகணும்."

"ஈரம் பாக்குற மீட்டர் ரெடிமேடாவே விக்குதேண்ணே. ஒண்ணு வாங்கிடுங்களேன்."

"அதுவும் அவனுங்க செஞ்சதுதானே?" என்றார்.

நான் மீட்டர்களை எடுத்து வைத்தேன். மூன்று கம்பெனி மீட்டர்கள், ஒரே ஒரு புது பேட்டரி. அதை அளக்க ஆரம்பித்தார் பாருங்கள், களத்தில் மரக்காலால் நெல் அளக்கிற மாதிரியே எண்ணினார். எங்கள் பக்கம் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டோம், லாபம் என்போம். அவரும் மீட்டர் வயரை பேட்டரியில் வைத்து, "லாபம்" என்றார். எடுத்துவிட்டு மறுபடி வைத்து, "ரெண்டு" என்றார். "மூணு" என்றார். ஃப்யூஸ் வாங்க வந்தவர் ஒருவர் அதைப் பார்த்துப் பயந்துபோய், அப்புறம் வருவதாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார். இன்றுவரை வரவில்லை.

மூன்று மீட்டரும் மூன்று விதமாகக் காட்டின. புள்ளிக்கு அப்புறம் இரண்டாவது எண்ணில்தான் வித்தியாசம். உலகத்தில் எந்த மெக்கானிக்கும் அதைக் கண்ணெடுத்துப் பார்க்க மாட்டான். பதினேழு பார்த்தார்.

"ஒரே பேட்டரி. மூணு பேரும் மூணு சொல்றானுங்க. இதுல யாரு யோக்கியன்?"

"மூணு பேரும் யோக்கியன்தாண்ணே. இவ்வளவு வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்."

"அப்படின்னா பத்தொம்போதும் பதினேழும் ஒண்ணுதானா?"

மணி ஸ்டூலில் இருந்து எழுந்து வெளியே போனான். சிரிக்கத்தான் போனான் என்று நினைக்கிறேன். எனக்கோ அழுகை வந்தது.

சித்திரை போய், ஆனி போய், ஆடிப் பெருக்கும் போனது. ஆற்றில் தண்ணீர் வந்தது. பதினேழு நாற்று விட்டார், நட்டார், களை பறித்தார். இடையில் வாரம் தவறாமல் வந்து என் கடையில் மீட்டர் வாங்காமல் போனார். கடைசியில் ஒருநாள், தூசி படிந்து மேல் தட்டில் கிடந்த பழைய மாடல் முள் மீட்டர் ஒன்று அவர் கண்ணில் பட்டது. பேட்டரியில் வைத்ததும் முள் எழும்பி, கொஞ்சம் ஆடி, பிறகு ஓரிடத்தில் நின்றது. அவர் முகம் மலர்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"நம்பர் மீட்டரு தீர்ப்பு சொல்லுது தம்பி. முள்ளு மீட்டரு யோசிக்கிது. யோசிக்கிறவன்கிட்டதான் நாம பேச முடியும்."

கையெடுத்துக் கும்பிட்டு விற்றேன். ஓம் என்கிற மின்தடையை அளக்கும் முன்னால் இரண்டு வயரின் நுனியையும் ஒன்றோடொன்று தொட வைத்து, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். "நடுவுல ஒண்ணுமே இல்லாதப்ப அது ஒண்ணுமில்லன்னு சொல்லணும். அப்பதான் நடுவுல ஏதாச்சும் இருக்குறப்ப அது சொல்றத நம்பலாம்" என்றேன். அது அவருக்குப் பிடித்துப் போயிற்று. கூடவே, "என்ன ஆனாலும் வீட்டு கரண்ட்ல மட்டும் வெச்சுடாதீங்க" என்று மூன்று தடவை சொன்னேன்.

மூன்றாம் நாள் போன் வந்தது.

"தம்பி, உங்ககிட்ட மீட்டரு வாங்கிட்டு வந்தாரே, அவரு வீட்ல பேசுறேன். ராஜாத்தி."

"சொல்லுங்கம்மா."

"அந்த மீட்டரு வெடிச்சுப் போச்சு. ஈ.பி. காரன் ஒழுங்கா கரண்டு குடுக்குறானான்னு பாக்குறேன்னு பிளக்குல விட்டாரு. வீடு முழுக்கப் புகை."

"அவருக்கு ஒண்ணும் ஆகலியேம்மா?"

"அவருக்கு என்ன, குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்காரு. மீட்டரு தப்பா இருக்குங்குறாரு. தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போவும். இனிமே இவருக்கு எதையும் விக்காதீங்க."

"சரிம்மா."

வைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"இல்ல தம்பி, வித்துடுங்க. அந்த நெல்லு முளைச்சதுலேருந்து இவரு பேசாமலே கெடந்தாரு. சோறு வெச்சா சாப்புடுவாரு, வெக்கலன்னா கேக்கவும் மாட்டாரு. இந்த மீட்டருப் பைத்தியம் புடிச்சப்புறந்தான் பேசவே ஆரம்பிச்சாரு. ஏதாச்சும் குடுத்து விடுங்க."

அன்றைக்கு எனக்கு வியாபாரம் ஓடவில்லை. மனுஷனை இப்படி ஒரு எண் உட்கார வைத்துவிடுமா என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த தடவை அவர் வந்ததும், இனி இவரை ஆண்டவன் விட்ட வழியில் விடக் கூடாது என்று முடிவு கட்டிக்கொண்டு உட்கார வைத்தேன். ஆனால் எனக்கு முன்னால் மணி அவரிடம் எதையோ ஓதியிருந்தான்.

"தம்பி, ஸ்கோப்புன்னு ஒண்ணு இருக்காமே. கரண்ட படமாவே வரைஞ்சு காட்டுமாமே. அது சரியா காட்டும்ல?"

"நெல்லுக்கு எதுக்குண்ணே ஸ்கோப்பு? இங்க பாருங்க. கத்துக்குறவனுக்கு விலை ஜாஸ்தி மீட்டர் வேணாம். ஃப்யூஸ் உள்ள சாதா மீட்டர் ஒண்ணு, இந்த டிஜிட்டலு. அப்புறம் மீட்டர் மேல சந்தேகம் வந்தா அதைச் சந்தேகப்படுறதுக்கும் ஒரு முறை இருக்கு. இந்தாங்க, புது பேட்டரி ஒண்ணு. இந்தாங்க, துல்லியமான ரெசிஸ்டர் ரெண்டு. இதுங்களோட அளவு நமக்கு முன்னாடியே தெரியும். இதை முதல்ல அளந்து பாருங்க. தெரிஞ்சத அது சரியாச் சொன்னா, தெரியாதத அது சொல்றப்ப நம்புங்க. உலகத்துல எல்லா மீட்டரையும் இப்படித்தான் நம்புறாங்க."

அந்த ரெசிஸ்டரை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது நியாயம்" என்றார்.

இதைச் சொல்ல அவருக்கு ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. எனக்குத் தலையில் பாதி நரைத்திருந்தது. ஆனாலும் அதற்குப் பிறகு அவர் கற்றுக்கொண்ட வேகம் இருக்கிறதே, எனக்கே ஆச்சரியம். எல்.இ.டி. எரிந்தது. சால்டரிங் அயனால் வேட்டியில் இரண்டு ஓட்டை விழுந்தது. ஈரம் இருந்தால் கரண்ட் சுலபமாகப் போகும், காய்ந்திருந்தால் போகாது என்று சொன்னதும், பிளாஸ்டிக் டம்ளரில் இரண்டு ஆணியை அடித்து, அதில் நெல்லை அமுக்கி வைத்து, ஆணிக்கு ஆணி ஓம் அளக்க ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் முதலில் இரண்டு வயரையும் தொட வைத்துப் பூஜ்யம் பார்ப்பார். அதைப் பார்க்காமல் அளக்கவே மாட்டார்.

பொங்கல் முடிந்து அவர் வயலில் அறுப்பு மிஷின் இறங்கியது. ஒரு நாள் வெயிலில் நெல்லைக் காயவைத்துக் குவித்துவிட்டு, மறுநாள் காலை ரயிலில் மூன்று பையோடு என் கடைக்கு வந்துவிட்டார். கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறது என்று டீக்கடை டி.வி.யில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கி நெல்லு கொள்முதலுக்குப் போகுது தம்பி. என் டம்ளரு ஏதோ தப்பாக் காட்டுது. நீயே ஒரு தடவ பாத்துடு."

ஒரு பையில் நன்றாகக் காய்ந்த விதைநெல். இரண்டாவது பையில் அன்று காலை பக்கத்து வயலில் அறுத்த பச்சை நெல். மூன்றாவதில் அவருடைய குவியலிலிருந்து எடுத்த நெல். தெரிந்தது இரண்டு, தெரியாதது ஒன்று. நான் சொல்லிக் கொடுத்த முறையை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கடையில் இருந்த நல்ல மீட்டர்களை எல்லாம் எடுத்தோம். மாற்றி மாற்றி அளந்தோம். "லாபம், ரெண்டு, மூணு" என்று இப்போது மணியும் சேர்ந்து எண்ணினான். எல்லா மீட்டரும் ஒரே கதையைத்தான் சொன்னன. விதைநெல் ஒரு பக்கம் தனியாக நின்றது. குவியல் நெல் பச்சை நெல்லை ஒட்டி நின்றது.

"ஈரம்ணே" என்றேன்.

"அத்தனை மீட்டரும் தப்பு." குவியல் நெல்லில் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். கடுக். கடை வாசல் வரைக்கும் கேட்டது. "கேட்டீல்ல?"

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்னு சும்மாவா சொன்னாங்க" என்றான் மணி.

அவனை அதட்டிவிட்டு, "அண்ணே, விதைநெல்லைக் கடிங்க பாப்போம்" என்றேன்.

கடுக்.

"பச்சை நெல்லு?"

கடுக்.

மணிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "அண்ணே, காலையில அறுத்த நெல்லு எப்படிண்ணே கடுக்குங்கும்?" என்றான். நான் அதே பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தேன். சத்தமே இல்லாமல் நசுங்கியது.

பதினேழு என்னைப் பார்த்தார். கையில் இருந்த மீட்டர் வயர்களைப் பார்த்தார். இரண்டு நுனியையும் ஒன்றோடொன்று தொட வைத்தார். பூஜ்யம் வந்தது. வயரைக் கீழே வைத்தார். வாயில் இருந்த உமியைத் துப்பினார். துண்டால் உதட்டைத் துடைத்துக்கொண்டு, வாயில் ஒன்றுமே இல்லாமல், ஒரு கடி கடித்தார்.

கடுக்.

இன்னொரு தடவை கடித்தார். அதே கடுக். நெல் உடைந்த சத்தமே இல்லை அது. மேல் பல் செட் கீழ் பல் செட்டில் மோதுகிற சத்தம்.

"பல்லு எப்பண்ணே கட்டுனீங்க?"

"முந்துன வருஷம் தீபாவளிக்கு. பொண்ணு திருப்பூருக்கு அழைச்சிட்டுப் போயி கட்டிவிட்டா."

அதற்கு அடுத்த தையில்தான் பத்தொன்பது வந்தது. யாரும் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவரே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மின்சார வாரியத்தைச் சந்தேகப்பட்டார், மூன்று கம்பெனி மீட்டரைச் சந்தேகப்பட்டார், சர்க்காரைச் சந்தேகப்பட்டார். புதிதாக மாட்டிய தன் பல்லை மட்டும் பழைய பல் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் புள்ள சரியாத்தான் சொல்லியிருக்கான்" என்றார் மெதுவாக. "பில் கிளார்க்கு. அவன என்னென்ன பேசிப்புட்டேன். ஒரு வெயில் காயட்டும்னு அவளும் சொன்னா. அவ்வளவு நெல்லையும் நானே முளைக்க வெச்சுட்டேன் தம்பி."

ஒரு வருடமாக இந்த மனிதரை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டவன் நான். அந்த நிமிடம் அவருடைய பழைய நம்பிக்கையை அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கடையையே எழுதிக் கொடுத்திருப்பேன்.

பிறகு அவர் போனை எடுத்தார். "ராஜாத்தி. குவியலுக்குள்ள நடுவுல கைய விட்டு ஒரு நெல்லு எடு. எடுத்துட்டியா? கடிச்சுப் பாரு. சத்தத்த விடு, நீ சொல்லு, எப்படி இருக்கு?"

போனில் அந்தம்மா குரல் எங்களுக்கும் கேட்டது. "ஈரமாத்தாங்க இருக்கு. நேத்தே சொன்னேன்ல."

"அப்ப பிரிச்சுப் பரப்பி விட்டுடு. நீ சொல்ற வரைக்கும் சாக்குல அள்ள வேணாம். நான் வந்துடுறேன்."

அன்றைய வெயில் நன்றாகவே அடித்தது. மறுநாள் காலையும் அடித்தது. ஊரில் களம் போதாமல் ரோட்டிலும் பரப்பி, புருஷனும் பெண்டாட்டியும் காலால் கிளறி விட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அந்தம்மா கடித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பக்கத்தை மட்டும் சாக்கில் அள்ளியிருக்கிறார்கள். மத்தியானம் அவரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. "தம்பி, வானம் கறுத்துக்கிட்டு வருது. பாதிகூட அள்ளல. படுதா பத்தாது போலருக்கு."

கடையைச் சாத்தினேன். ஸ்பீக்கர் மூடுகிற தார்ப்பாய் எவ்வளவு இருந்ததோ அவ்வளவையும் மணி அவனுடைய வேனில் அள்ளிப் போட்டான். அம்மாப்பேட்டை வரை ஒரு தூறல்கூட இல்லை. வண்டியை அவன் ஓட்டிய ஓட்டத்தில் எனக்கு உயிர் கையில் இருந்தது. போய்விடலாம் என்றுதான் நினைத்தோம்.

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது.

எங்கள் பக்கத்தில் அந்தக் கேட்டைத் திட்டாதவன் கிடையாது. ஆனால் அன்றைக்கு நான் திட்டக்கூட இல்லை. இன்ஜின் முன்னால் போனது, பின்னால் வந்தது. மறுபடி முன்னால் போனது. அரிசி மூட்டை ஏற்றிய கூட்ஸ் வண்டி, பெட்டி பெட்டியாக எங்களுக்கு முன்னால் நகர்ந்துகொண்டிருந்தது. முதல் துளி கண்ணாடியில் விழுந்தது. மணி ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டான். பின்னால் தார்ப்பாய் அத்தனையும் சும்மா கிடந்தது. கேட் திறந்தபோது எதிரே ரோடு தெரியவில்லை, அப்படிக் கொட்டியது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, சாக்கில் அள்ளிய பாதி நெல் அவர்களுடைய படுதாவுக்குக் கீழே பத்திரமாக இருந்தது. ரோட்டில் இருந்த பாதி ஓரத்து வாய்க்காலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அந்தம்மா முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு முறத்தால் அதை மறித்துக்கொண்டிருந்தார்கள். பதினேழு ஒரு குடையை விரித்து, தான் நனைந்துகொண்டு, நெல்லுக்குப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "இத எந்த மீட்டர்லயும் வெச்சுப் பாக்க வேணாம் தம்பி. மழைதான்" என்றார்.

நாங்கள் நான்கு பேரும் இருட்டுகிற வரைக்கும் வாரினோம். வாரியது முளைத்துவிட்டது.

சாக்கு நெல்லை அடுத்த வாரம் கொள்முதலுக்குக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். அதே பில் கிளார்க். இவரைப் பார்த்ததும் அந்தப் பிள்ளை நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டான். மீட்டர் பதினாறு காட்டியது. "எடுத்துக்கலாங்க" என்றான்.

"இன்னொரு தடவ வைங்க தம்பி."

வைத்தான். பதினாறுதான்.

"நம்ப முடியலையே, இன்னும் ஒரு தடவ."

"ஐயா, நான்தான் எடுத்துக்கிறேன்னு சொல்றேனே" என்று அந்தப் பிள்ளை அழாத குறையாகச் சொன்னான். பதினேழு அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "போன வருஷம் உங்க மீட்டரு சரி தம்பி. என் பல்லுதான் தப்பு" என்றார். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

வெளியே வந்ததும், திருப்பூர் போக வேண்டாம் என்று நான் வாதாடிப் பார்த்தேன். கொண்டுபோன நெல் திரும்பி வரவில்லையே, பாதியையாவது எடுத்துக்கொண்டார்களே, அப்புறம் சத்தியம் எங்கே செல்லும் என்றேன். "சத்தியத்துல பாதி கிடையாது தம்பி" என்றார். அந்தம்மாவிடம் சொன்னேன். "அவருக்கு மனசு இருக்கு தம்பி. எனக்குத்தான் உடம்புல தெம்பு இல்ல. இன்னொரு மழைய என்னால பாக்க முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். பங்குனியில் குத்தகையை விட்டுவிட்டுத் திருப்பூர் போய்விட்டார்கள்.

அங்கே மகள் வீட்டில் சௌகரியமாகத்தான் இருக்கிறார். பேரப் பிள்ளைகளின் பேட்டரி பொம்மைகளைப் பிரித்துப் போட்டு, மகளிடம் திட்டு வாங்குகிறார் என்று கேள்வி. நாலு மாதத்துக்கு ஒரு தடவை பேசுவார். தை பிறந்துவிட்டால் மட்டும் தினமும் போன் வரும். அந்த நிலத்தில் இப்போது வேறு யாரோ நட்டிருக்கிறார்கள். அதனால் என்ன, நெல்லு நெல்லுதானே என்பார்.

"தம்பி, அங்க வானம் எப்படி இருக்கு? டி.வி.ல என்னமோ சொல்றான், செல்லுல என்னமோ காட்டுது. நீ வெளியில போயி மேல பாத்துட்டுச் சொல்லு."

போன தையில் ஒருநாள் அவர் கேட்டபோது சந்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்க்கடையே தெரியவில்லை. அவர் சொன்னபடி வெளியே போய், நனைந்துகொண்டே மேலே பார்த்தேன். பிறகு உள்ளே வந்து, கடையின் கடைசி மூலைக்குப் போய், மழைச் சத்தம் அவருக்குக் கேட்காதபடி போனை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.

"நல்ல வெயில்ணே" என்றேன்.

"அப்ப சரி" என்றார். "காயட்டும்."